மங்கும் ஒளியில் மலரும் உலகங்கள்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நோக்கி இரவில் பயணம் செய்வோர், சாலையோர விளக்கைச் சுற்றி விட்டில்கள் பறப்பதைக் கண்டிருப்பர். விளக்கின் முன்னே விட்டில் கடக்கும் நொடியில் ஒளி இம்மியளவு குறைகிறது. தொலைவில் நிற்பவர் கண்ணுக்கு விட்டில் புலப்படாது. எனினும் ஒளியை நுட்பமாக அளப்பவர் ஏதோ ஒன்று கடந்தது என அறிவார். பிற விண்மீன்களைச் சுற்றிவரும் புறக்கோள்களை அறிஞர்கள் கண்டறியும் வழிகளுள் ஒன்று இதுவே. இதனைக் கடப்பு முறை என்பர்.

கடப்பு நமக்குப் புதிதன்று. 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்தது. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் அந்நிகழ்வை ஆங்கிலத்திலும், உருது முதலிய இந்திய மொழிகளிலும் சிறுநூலாக விளக்கினார். 1977 மார்ச் 10 அன்று யுரேனசு ஒரு விண்மீனை மறைத்தபோது, சவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தின் 102 செ.மீ. தொலைநோக்கி அவ்விண்மீனின் ஒளி மங்கியதைப் பதிவு செய்தது. யுரேனசுக்கு வளையங்கள் உண்டென உலகம் அறிந்தது அந்நிகழ்வாலேயாம்.

புறக்கோள்களிலும் இதே கணக்குத்தான். வியாழன் போன்ற வளிக்கோளின் விட்டம் கதிரவன் விட்டத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று. எனவே அது மறைக்கும் பரப்பு நூறில் ஒன்று. ஒளி 1 விழுக்காடு குறையும். புவியளவுக் கோளோ 0.01 விழுக்காட்டிற்கும் குறைவாகவே மறைக்கும். நம் வளிமண்டலத்தின் அசைவு அச்சிறு மாற்றத்தை மூழ்கடித்துவிடும். ஆகவேதான் தரையிலிருந்து நிகழும் தேடலில் பெரும்பாலும் வளிக்கோள்களே அகப்படுகின்றன.

1999-இல் அமெரிக்காவில் டேவிட் சார்பொன்னோ குழுவினர் 10 செ.மீ. விட்டமே உடைய கருவியால், எச்.டி. 209458 என்னும் விண்மீனின் ஒளி ஏறத்தாழ 1.5 விழுக்காடு குறைவதைக் கண்டனர். கிரகரி ஹென்றி குழுவினரும் அதே ஆண்டில் அதனைக் கண்டனர். அக்கோளுக்கு ஓராண்டு என்பது நமக்கு மூன்றரை நாள். பின்னர் வந்த சூப்பர்வாஸ்ப் திட்டம், கடையில் விற்கும் ஒளிப்படக் கருவி வில்லைகளைக் கொண்டே நூற்றுக்கும் மேற்பட்ட கோள்களைக் கண்டறிந்தது.

ஒளி மங்கிய அளவிலேயே முடிவு கட்டிவிடலாகாது. இரு விண்மீன்கள் ஒன்றையொன்று மறைத்தாலும் ஒளி குறையும். எனவே, கோளின் ஈர்ப்பால் விண்மீன் அசைவதை நிறமாலைக் கருவியால் அளந்து அதன் நிறையை அறிகின்றனர். நிறையும் பருமனும் தெரிந்தால் அடர்த்தி தெரியும். 2021-இல் விண்கலம் ஒன்று காட்டிய கடப்பைக் கொண்டு, இராசத்தானத்து மவுண்ட் அபு தொலைநோக்கியால் இந்திய அறிஞர்கள் ஒரு கோளை உறுதி செய்தனர். அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. அது வளியாலான உலகம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அறிவியல் செல்வர்க்கே உரியது என மயங்கும் நம் சிற்றூர் மாணவர்க்கு இவ்வரலாறு ஒரு விடை. இன்று 20 செ.மீ. தொலைநோக்கியும் ஒளிப்பதிவுக் கருவியும் கொண்ட ஆர்வலர்கள் பலர் இக்கடப்புகளை அளக்கின்றனர்; அவர்கள் தரும் நேரக் குறிப்புகள் பேராய்வகங்களுக்கும் பயன்படுகின்றன. பருவமழை ஓய்ந்த மாசி இரவில், கல்லூரி மொட்டைமாடியில் ஒரு கருவியை நிறுவிட நம் பெரியோர் துணைநிற்பாராயின், அப்பணி இங்கும் கைகூடும். கருவி சிறிதாயினும் பொறுமை பெரிதாயின், தொலைவுலகும் வசப்படும்.