அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீடு உண்டு; எழுந்து நடப்பதற்கு?

புதுதில்லி: எழுபது வயதை எட்டிய அனைவருக்கும், வருவாய் வரம்பு ஏதுமின்றி, ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை இலவச சிகிச்சை அளிக்க 2024 செப்டம்பர் 11-ம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு அக்டோபர் 29-ம் தேதி பிரதமர் நரேந்திர மோடி அதைத் தொடங்கி வைத்தார். சுமார் 4.5 கோடி குடும்பங்களைச் சேர்ந்த 6 கோடி முதியோர் பயன்பெறுவர் என்று அரசு அறிவித்தது.

ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் இந்த விரிவாக்கத்தில் இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையும் அடங்கும். பல லட்ச ரூபாய் கட்டணம் கேட்கப்படும் சிகிச்சை என்பதால் இது பெரிய ஆறுதல்தான். ஆனால், மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாள், வீடு திரும்பிய பிந்தைய 15 நாள் ஆகியவற்றுக்கான செலவோடு திட்டத்தின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. எண்பத்தைந்து வயதில் இடுப்பு முறிந்த ஒருவர் துணையின்றி நடமாடப் பல மாதங்கள் ஆகும். அவர்களில் கணிசமானோர் பழைய நடையைத் திரும்பப் பெறுவதே இல்லை.

மூட்டு மாற்று சிகிச்சை என்றதும் தலைநகரில் பலருக்கும் நினைவுக்கு வருபவர் முன்னாள் பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாய். 2000 அக்டோபரில், 75 வயதில், மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் அவரது இடது முழங்கால் மூட்டு மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூனில் வலது மூட்டும் மாற்றப்பட்டது. அவை நாள் குறித்து, உடலைத் தயார் செய்து, உலகின் தேர்ந்த நிபுணரைக் கொண்டு நடத்தப்பட்டவை. தேய்மானத்தால் வலிக்கும் மூட்டுக்குச் செய்யப்படும் இத்தகைய சிகிச்சையில் நோயாளிக்கு யோசிக்க அவகாசம் உண்டு. மாரடைப்பு, இரத்தக் கட்டி, கிருமித் தொற்று ஆகிய அபாயங்களை வலியோடு ஒப்பிட்டு, "வேண்டாம்" என்று மறுக்கவும் இடம் உண்டு. எண்பதைக் கடந்தவருக்கு அப்படி மறுப்பது பல நேரங்களில் தவறான முடிவும் அல்ல.

குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தவரின் நிலை முற்றிலும் வேறு. அவருக்கு நாள் குறிக்க நேரமில்லை. இதயம், சிறுநீரகம், சர்க்கரை என்று ஏற்கெனவே இருக்கும் கோளாறுகளோடுதான் அவர் மேசையில் ஏற்றப்படுகிறார். அங்குதான் குடும்பங்கள் தடுமாறுகின்றன. "இந்த வயதில் கத்தி வைக்கலாமா?" என்ற கேள்வி எழாத வீடு இல்லை.

தயக்கத்தில் நியாயம் உண்டு. இடுப்பு முறிந்த முதியோரில் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் இறக்கின்றனர் என்று பல நாடுகளின் ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால், அந்த இறப்புகளை அறுவைச் சிகிச்சையின் கணக்கிலேயே எழுதிவிட முடியாது. விழுவதற்கு முன்பே உடலில் சேர்ந்திருந்த நலிவுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. அறுவைச் சிகிச்சையைத் தவிர்த்துப் படுக்கையிலேயே கிடத்தினால் நிமோனியா, படுக்கைப் புண், கால் நரம்புகளில் இரத்தக் கட்டி, சிறுநீர்த் தொற்று என ஒவ்வொன்றாக வந்து சேரும். இடம் பெயர்ந்த முறிவில் எலும்பின் பந்து போன்ற முனைக்குச் செல்லும் இரத்த ஓட்டமே அறுந்துவிடுவதால், கட்டுப் போட்டால் கூடிவிடும் என்று வைத்தியரிடம் தூக்கிச் செல்வதும் நாள்களை வீணாக்குவதில்தான் முடிகிறது. மிகத் தளர்ந்து, மரணத்தை நெருங்கிவிட்டவர்களுக்கு மட்டுமே வலியைத் தணித்து விட்டுவிடுவது பொருத்தமாக இருக்கும்.

காத்திருப்பின் விலை: எனவே, செய்யலாமா கூடாதா என்பதைவிட, எவ்வளவு விரைவில், எப்படிச் செய்வது என்பதே பெரும்பாலான வேளைகளில் முக்கியமாகிறது. இந்தியா உள்பட 17 நாடுகளின் 69 மருத்துவமனைகளில் 2,970 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2020-ல் லான்செட் இதழில் வெளியானது. முறிவு உறுதியான பின் சுமார் 6 மணி நேரத்தில் அறுவைச் சிகிச்சை பெற்றவர்களையும், சுமார் 24 மணி நேரத்தில் பெற்றவர்களையும் அது ஒப்பிட்டது. 90 நாள்களுக்குள் இறந்தோர் முறையே 9 சதவீதம், 10 சதவீதம். பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால், விரைவாகச் சிகிச்சை பெற்றவர்களிடம் மனக்குழப்பமும் சிறுநீர்த் தொற்றும் குறைந்திருந்தன. அவர்கள் முன்னதாகவே எழுந்து நின்றனர்.

அங்கே தாமதம் என்று கருதப்பட்டது 24 மணி நேரம். நம் நாட்டில் மாவட்ட மருத்துவமனையிலிருந்து நகரத்துக்கு அனுப்பி, இதயத்துக்கு எக்கோ பரிசோதனை எடுத்து, இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையின் வீரியம் குறையக் காத்திருந்து, காப்பீட்டு ஒப்புதலும் வந்து சேர்வதற்குள் எத்தனை பகல்கள் கழியும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவர். 48 மணி நேரத்தைக் கடந்த தாமதம் இறப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்பதைப் பல ஆய்வுகள் சுட்டிக்காட்டியுள்ளன.

அறுவை அரங்கினுள் உள்ள அபாயங்கள் குறித்து ஓரளவு தெளிவு பிறந்திருக்கிறது. முழு மயக்கமா, முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வதா என்று குடும்பத்தினர் அஞ்சுவது வழக்கம். அமெரிக்கா, கனடாவில் 1,600 பேரிடம் நடத்தி 2021-ல் வெளியிடப்பட்ட ஆய்வில் இவ்விரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. கிண்ணம், பந்து இரண்டையும் மாற்றுவதா, பந்தை மட்டும் மாற்றுவதா என்ற கேள்விக்கு 2019-ல் 1,495 நோயாளிகளிடம் கிடைத்த விடையும் ஏறக்குறைய அப்படியே. இரண்டு ஆண்டுகளில் மறு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டோர் இரு பிரிவிலும் 8 சதவீத அளவிலேயே இருந்தனர். முழு மாற்றத்தில் மூட்டு நழுவுவது கூடுதலாகக் காணப்பட்டது. வீட்டுக்குள் மட்டும் நடமாடும் தொண்ணூறு வயதுக்காரருக்குப் பாதி மாற்றமே போதும் என மருத்துவர்கள் கருதுவது இதனால்தான். உலோகத் தண்டைப் பொருத்தும் எலும்பு சிமென்ட், சிலருக்கு அந்தக் கணத்திலேயே இரத்த அழுத்தத்தைச் சரியச் செய்யும். எனினும் சிமென்ட் இன்றிப் பொருத்தினால் மெலிந்த எலும்பு மறுபடி முறியும் வாய்ப்பு அதிகம். மயக்க மருந்து நிபுணரின் கவனம் இங்கே உயிர் காக்கும்.

வார்டில் நேர்வது: குடும்பத்தினரை நிலைகுலையச் செய்வது பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைக்கு மறுநாள் இரவுதான். நேற்று வரை தெளிவாகப் பேசிய அம்மாவுக்கு மகனையே அடையாளம் தெரியாது. குளுக்கோஸ் குழாயைப் பிடுங்குவார். இறந்துபோன கணவரை அழைப்பார். புத்தி பேதலித்துவிட்டது என்று வீட்டார் அழுகின்றனர். பெரும்பாலோருக்கு இது தற்காலிக மனக்குழப்பமே. அடங்காத வலி, தொற்று, உடலில் உப்புச்சத்துக் குறைவு, தூக்கமின்மை ஆகியவை இதைத் தூண்டுகின்றன. மூக்குக் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் பத்திரப்படுத்துவதாக நினைத்து வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிடுவதும் ஒரு காரணம். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருப்பது மருந்துக்கு ஈடாக உதவும். பார்வையாளர் நேரம் முடிந்ததும் அனைவரையும் வெளியேற்றும் மருத்துவமனைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிரிட்டனில் இடுப்பு முறிவுக்கென தேசியப் பதிவேடு 2007-ல் தொடங்கப்பட்டது. 36 மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை, எலும்பு மருத்துவருடன் முதியோர் நல மருத்துவரும் சேர்ந்து கவனிப்பது போன்ற நிபந்தனைகளை நிறைவு செய்யும் மருத்துவமனைக்குக் கூடுதல் தொகை என்ற ஏற்பாடு 2010-ல் வந்தது. நோயாளி 120 நாள்களுக்குப் பின் எப்படி இருக்கிறார் என்பதையும் அந்தப் பதிவேடு கேட்கிறது.

இங்கே அரசியல் அரங்கில் இடுப்பு மூட்டு பேசப்பட்டது வேறொரு காரணத்துக்காக. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமம் 2010-ல் உலகெங்கும் திரும்பப் பெற்ற ஏ.எஸ்.ஆர். செயற்கை மூட்டு இந்தியாவில் சுமார் 4,700 பேருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. 2017-ல் மத்திய அரசு நிபுணர் குழு அமைத்தது. இழப்பீட்டு விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. அதே 2017 ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு விதிக்கப்பட்டது. கருவியும் விலையும் விவாதமாயின. பொருத்திக்கொண்ட முதியவர் நடந்தாரா என்பது விவாதமாகவில்லை.

கவலைப்படத்தக்க எண்ணிக்கைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அறுபதைக் கடந்தோர் 10.38 கோடி, அவர்களில் எண்பதைக் கடந்தோர் 1.13 கோடி. 2031-ல் அறுபதைக் கடந்தோர் 19.4 கோடியாக உயர்வர் என்பது அரசின் கணிப்பு. தில்லியை அடுத்த ஹரியாணாவின் ரோத்தக் மாவட்டத்தில் நடத்தப்பட்ட ஆய்வில், 50 வயதைக் கடந்த பெண்களில் லட்சத்துக்கு 159 பேருக்கும் ஆண்களில் 105 பேருக்கும் ஓராண்டில் இடுப்பு எலும்பு முறிந்தது தெரியவந்தது.

இவர்களுக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பின் தேவைப்படுபவை பிசியோதெரபி பயிற்சி, நடைக்கு உதவும் வாக்கர், உயரமான கழிப்பறை இருக்கை, தரையில் உட்காராமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2010-11-ல் தொடங்கிய தேசிய முதியோர் நலத் திட்டம் மாவட்ட மருத்துவமனைகளில் 10 படுக்கைகள் கொண்ட முதியோர் வார்டும் பிசியோதெரபி பிரிவும் அமைக்க வழிசெய்கிறது. தில்லி எய்ம்ஸிலும் சென்னை கிண்டியிலும் உள்ள தேசிய முதியோர் நல மையங்கள் இதன் வழி வந்தவையே.

ஆனால் காப்பீட்டைத் தேசிய சுகாதார ஆணையம் நடத்துகிறது. முதியோர் வார்டு சுகாதார அமைச்சகத்தின் வேறொரு பிரிவில் இருக்கிறது. வாக்கரும் சக்கர நாற்காலியும் வழங்கும் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் 2017 ஏப்ரலில் ஆந்திரத்தின் நெல்லூரில் தொடங்கப்பட்டது. அது சமூக நீதி அமைச்சகத்தைச் சேர்ந்தது. ஏழை முதியோருக்கு மட்டுமே உரியது. வருவாய் வரம்பின்றி அறுவைச் சிகிச்சை பெறும் ஓய்வூதியர் ஒருவர், வீடு திரும்பிய பதினாறாம் நாள் முதல் பிசியோதெரபிக்கும் வாக்கருக்கும் தன் பணத்தையே எடுக்க வேண்டியிருக்கிறது.