உவமை யாருக்கு உவமை? கரீபியன் பெண்களின் சில சிறுகதைகள்

இரண்டு சிறுகதைகளை ஒப்பிட்டு எழுதச் சொன்னால் பலரும் தாளை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒரு பக்கம் கதையின் கரு: தாய், மகள், புலம்பெயர்வு, அடிமை வரலாறு. மறுபக்கம் அணிகள்: இத்தனை உவமை, இத்தனை உருவகம், ஒரு குறியீடு. இரண்டு பக்கத்துக்கும் இடையே கொடுக்கல் வாங்கலே இருக்காது. மதிப்பெண் கிடைத்துவிடும் என்பது வேறு விஷயம்.

கரீபியன் பெண் எழுத்தாளர்களின் கதைகளை இப்படிப் படித்தால் கதை கைநழுவிப் போகும். ஒரே ஒரு கேள்வியோடு படித்துப் பார்க்கலாம்: இந்த உவமையைக் கதைக்குள் யார் நம்புகிறார்கள்? வாசகருக்கு மட்டும்தான் அது உவமையா, பாத்திரத்துக்கும் உவமையா, அல்லது பாத்திரத்துக்கு அது கண்ணால் கண்ட உண்மையா? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு கதையும் வேறு பதில் சொல்கிறது. ஒப்பீடு செய்ய வேண்டிய இடம் அதுதான்.

சுருக்கமாகக் கொஞ்சம் பின்னணி. கரீபியன் ஒரே மொழி பேசும் பிரதேசம் இல்லை. ஆன்டிகுவாவும் ஜமைக்காவும் ஆங்கிலேயரிடம் இருந்தவை. ஹெய்டி பிரெஞ்சுக்காரர்களைத் தோற்கடித்து 1804இல் தனி நாடானது. போர்ட்டோ ரிக்கோ 1898இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்குப் போனது. கரும்புத் தோட்டமும், அதில் வேலை செய்யக் கப்பலில் கொண்டுவரப்பட்ட மனிதர்களும்தான் எல்லாத் தீவுகளுக்கும் பொது.

ஜமைக்கா கின்கெய்டின் ‘கேர்ள்’ கதையை முதலில் எடுத்துக்கொள்வோம். பெயரில் ஜமைக்கா இருந்தாலும் இவர் பிறந்தது ஆன்டிகுவாவில், 1949இல். 1978இல் நியூயார்க்கர் பத்திரிகையில் வந்த இந்தக் கதை இரண்டு பக்கம்கூடத் தேறாது; முழுக்க ஒரே வாக்கியம். அம்மா மகளுக்குச் சொல்லிக்கொண்டே போகிறாள்: எந்தக் கிழமை எந்தத் துணியைத் துவைப்பது, கருவாட்டை எப்போது ஊறப்போடுவது, தேநீருக்கு மேசையை எப்படி அடுக்குவது, பிடிக்காதவரைப் பார்த்து எந்த அளவுக்குச் சிரிப்பது, சளிக்கு என்ன மருந்து, கருவைக் கலைக்க என்ன மருந்து. எல்லாம் ஒரே மூச்சில், ஒரே குரலில்.

உவமையைத் தேடிப் போனால் இங்கே ஏமாற்றம்தான், ‘போல’ என்று சொல்லும் இடமே அரிது. ஆனால் பொருள்கள் ஒவ்வொன்றும் தம் முதுகில் ஒரு வரலாற்றைச் சுமக்கின்றன. உப்பிட்ட மீன் வட அட்லாண்டிக் கடலிலிருந்து கப்பலேறி வந்து தோட்ட அடிமைகளுக்கு மலிவு உணவானது. தேநீர் மேசை ஆங்கிலேயர் வீட்டுப் பழக்கம். இரண்டும் ஒரே பெண்ணின் சமையலறையில் வந்து சேர்ந்திருக்கின்றன. நம் இலக்கணத்தில் ஆகுபெயர் என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த வேலையை இந்தப் பொருள்கள் செய்கின்றன.

கடைசியில் ரொட்டி வருகிறது. ரொட்டி புதிதா என்று அழுத்திப் பார்த்து வாங்கச் சொல்கிறாள் அம்மா. கடைக்காரர் தொடவே விடாவிட்டால் என்று மகள் கேட்கிறாள். அவளுக்கு ரொட்டி வெறும் ரொட்டி; கேட்டதும் நியாயமான கேள்வி. அம்மாவின் காதில் அது வேறாக விழுகிறது. இத்தனை சொல்லியும், ரொட்டியைத் தொடக் கடைக்காரர் அனுமதிக்காத மாதிரியான பெண்ணாகவா நீ ஆகப்போகிறாய் என்று கதிகலங்குகிறாள். ஒரே ரொட்டி, மகளுக்குப் பண்டம், அம்மாவுக்கு ஊரில் இருக்கும் பெயர். அந்த அம்மா கொடுமைக்காரி என்று பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கருக்கலைப்பு மருந்தைக்கூட மறைக்காமல் சொல்லித்தருகிறவள், மகள் எந்த ஊரில் எப்படிப்பட்டவர்கள் நடுவே வாழப்போகிறாள் என்பதை நன்றாகவே அறிந்தவள்.

எட்விஜ் தாந்திகாவின் கதையில், ஒன்றையே ஆளுக்கொரு விதமாகப் பார்க்கும் இந்த விவகாரம் உயிர்போகும் அளவுக்குப் போகிறது. 1969இல் ஹெய்டியின் தலைநகர் போர்ட்டோ பிரின்ஸில் பிறந்து, பன்னிரண்டு வயதில் நியூயார்க் போனவர் இவர். 1995இல் வந்த ‘க்ரிக்? க்ராக்!’ தொகுப்பின் தலைப்பு, ஹெய்டியில் கதை சொல்பவரும் கேட்பவரும் மாற்றி மாற்றிச் சொல்லும் அழைப்பும் பதிலும். அதில் ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு’ என்றொரு கதை. 1937 அக்டோபரில் டொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரி ட்ருஹியோ, எல்லைப் பகுதியில் வாழ்ந்த ஹெய்டி மக்களைக் கொல்ல உத்தரவிட்டார், ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். கதையில், அந்தப் படுகொலை நடந்த இரவில் ஒரு கர்ப்பிணி எல்லை ஆற்றில் பாய்ந்து ஹெய்டிக் கரையில் ஏறுகிறாள். அவளுடைய அம்மா எதிர்க்கரையிலேயே கொல்லப்படுகிறாள். மேலெல்லாம் இரத்தத்தோடு கரையேறியவள் நெருப்பாகத் தெரிகிறாள். அதே இரவில் பிறந்த மகள்தான் கதையைச் சொல்கிறாள்.

ஆண்டுகள் கழித்து அந்தத் தாய் சிறையில் கிடக்கிறாள். குற்றம்: அவள் ஒரு லூகாரு. இரவில் தோலைக் கழற்றி வைத்துவிட்டு, நெருப்புச் சிறகோடு பறந்து போய்க் குழந்தைகளின் இரத்தத்தைக் குடிக்கும் பெண்ணுக்கு ஹெய்டியில் இப்படிப் பெயர். அமெரிக்கப் படை நாட்டை ஆக்கிரமித்திருந்தபோது கட்டிய சிறை அது. உடம்பில் சூடு ஏறிச் சிறகு முளைத்துவிடக் கூடாது என்று காவலர்கள் இரவுதோறும் பெண்களை ஒருவர்மேல் ஒருவர் குளிர்ந்த நீரை ஊற்ற வைக்கிறார்கள். பட்டினியில் அவளுடைய தோல் தொங்குகிறது. தோலைக் கழற்றுகிறாள் என்பதற்கு அதையே சாட்சியாக்குகிறார்கள்.

இங்கே சிறகு மூன்று பேருக்கு மூன்று விதம். ஆற்றைத் தாண்டிய பெண்களுக்கு அது தாங்கள் உயிர் தப்பியதைச் சொல்லும் மொழி. காவலர்களுக்கு அது குற்றப்பத்திரிகை. வாசகருக்கு உருவகம். பிழைத்தவள் தன் அனுபவத்தைச் சொல்லக் கண்டுபிடித்த உருவகத்தை, அதிகாரத்தில் இருப்பவன் நேர்ப்பொருளாக எடுத்துக்கொண்டு அவளை அடித்தே கொல்கிறான். கதையின் கருவும் அணியும் ஒன்றையொன்று விட்டுப் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடப்பது இந்த இடத்தில் தெரியும்.

இதே கதையில் அழும் மாதா சிலை ஒன்றும் இருக்கிறது. தலைமுறைகளுக்கு முன், அடிமையாக வைத்திருந்த பிரெஞ்சுக்காரன் ஒருவன் அந்தக் குடும்பத்து மூதாட்டிக்குக் கொடுத்தது. அதன் கண்ணீர் எப்படி வருகிறது என்பதைத் தாந்திகா ஒளிக்கவில்லை: மெழுகு, எண்ணெய், கொஞ்சம் வெப்பம். ஒரு அற்புதத்தின் சூட்சுமத்தைப் பிட்டுவைக்கிறவர், சிறகைப் பற்றி அப்படி எந்த விளக்கமும் தருவதில்லை. கின்கெய்டின் மகளைப் போலவே இந்த மகளும் அதிகம் பேசுவதில்லை. அங்கே அம்மா இடைவெளியே விடவில்லை. இங்கே சிறைக்குள் சொல்ல வார்த்தையே வரவில்லை. சாப்பாட்டையும் சிலையையும் கொண்டுபோய் நீட்டுகிறாள்.

போர்ட்டோ ரிக்கோவின் ரொசாரியோ ஃபெரே, 1972இல் ஸ்பானிய மொழியில் வெளியிட்ட ‘இளைய பொம்மை’ வேறு வழியில் போகிறது. கரும்புத் தோட்டக் குடும்பத்துப் பெண் ஒருத்தி ஆற்றில் குளிக்கும்போது ஓர் ஆற்று இறால் கெண்டைக்காலைக் கடித்து உள்ளேயே தங்கிவிடுகிறது. மருத்துவர் குணப்படுத்தியிருக்கலாம்; செய்யவில்லை. அவர் இருபது வருடம் வாங்கிய கட்டணத்தில் மகன் வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்புகிறான். அப்பா அவனைக் கூட்டிப்போய் அந்தக் காலைக் காட்டுகிறார்: உன் படிப்புக்குச் செலவழித்த இறால் இதுதான் என்று. சுரண்டலைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தாலும் இவ்வளவு சுரீரென்று உறைத்திருக்காது.

வீட்டோடு முடங்கிய அத்தை, மருமகள்களுக்கு ஆண்டுதோறும் அவர்கள் உயரத்துக்கே பொம்மை செய்கிறாள். கல்யாணத்துக்கு ஒரு கடைசிப் பொம்மை, உள்ளே தேன் நிரப்பியது. அந்த மருத்துவரின் மகன் கடைக்குட்டியைக் கட்டிக்கொண்டு, பெரிய இடத்தில் பெண் எடுத்தவன் என்று ஊர் பார்க்கட்டுமென்று அவளைப் பால்கனியில் உட்கார வைக்கிறான். பொம்மையின் கண்ணிலிருந்த வைரத்தைப் பெயர்த்து அடகு வைக்கிறான். வருடங்கள் போகின்றன, அவனுக்கு வயதாகிறது, அவளுக்கு ஆகவில்லை. ஒருநாள் அவன் அவள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்க, உள்ளே தூரத்தில் தண்ணீர்ச் சத்தம். இமை திறக்கிறது, கண்குழியிலிருந்து இறால்களின் உணர்கொம்புகள் வெளியே வருகின்றன.

மனைவியைப் பொம்மையாக நடத்தினான் என்று சாதாரணமாகச் சொல்வோம். ஃபெரே அந்த வழக்குச் சொல்லைப் பிடித்து, நிஜமாக்கி, அவன்மீதே ஏவிவிடுகிறார். தாந்திகாவின் கதையில் உருவகம் நேர்ப்பொருளாக மாறியதால் பெண் சாகிறாள்; இங்கே அதே மாற்றம் பெண்ணின் ஆயுதமாகிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் கிடைப்பது, எத்தனை உவமை என்று எண்ணினால் கிடைக்காது.

ஜீன் ரீஸுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் தேவைப்படவில்லை. டொமினிக்காவில் 1890இல் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்தவர். 1976இல் வந்த ஒரு தொகுப்பிலுள்ள அவருடைய மிகச் சிறிய கதையில், ஒருத்தி பழகிய ஆற்றைக் கற்களில் கால்வைத்துத் தாண்டித் தன் பழைய வீட்டுக்கு வருகிறாள். முற்றத்தில் விளையாடும் குழந்தைகள் அவளைக் கவனிப்பதே இல்லை. அவள் இறந்துபோனவள் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிகிறது. சொந்த மண்ணில் அந்நியமாவது என்று கட்டுரையாளர் எழுதுவார். அவளுக்கோ அதில் உருவகம் எதுவும் இல்லை.

ஜமைக்காவின் ஆலிவ் சீனியர் 1989இல் எழுதிய ‘பாம்புப் பெண்ணின் வருகை’, இந்தியாவிலிருந்து போன நம்மவர்களைத் தொடும் கதை. அடிமை முறை ஒழிந்தபின் 1845 முதல் ஜமைக்காவுக்கு இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். அப்படி வந்த வம்சத்துப் பெண் ஒருத்தி கறுப்பினத்தவர் வாழும் மலைக்கிராமம் ஒன்றுக்கு வந்து சேர்கிறாள். அவள் நடையையும் உடையையும் வளையல்களையும் பார்த்த ஊர், பாம்புப் பெண் என்று பெயர் வைக்கிறது. பாதிரியாருக்கு அவள் தேவனை அறியாத புறசாதி. கதையைச் சொல்லும் சிறுவனுக்கோ அவள்மேல் பயமும் மயக்கமும். இங்கே உருவகத்தைப் படைத்தது எழுத்தாளர் இல்லை, ஊர். அந்தப் பெயருக்குள் இருந்த மனுஷி மெல்ல மெல்லக் கடை வைத்து, வியாபாரம் பழகி, பிள்ளையைப் படிக்க வைத்து, ஊரே அவளிடம் போய் நிற்கும் நிலைக்கு உயர்கிறாள். பாம்பு வழக்கொழிந்து போகிறது. அதற்குப் பதிலாக ஊர் மரியாதையாக அவளை அழைக்கும் பெயர், ‘மிஸ் கூலி’.