சாஸை நீர்க்க விடாத மாவு

பாட்டில் சாஸ், சூப் பொட்டலம், பழத் தயிர் போன்றவற்றின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் 1422 என்ற எண்ணைப் பார்த்திருப்பார்கள். வேதிமுறையில் மாற்றியமைத்த மாவுச்சத்துகளில் ஒன்றின் அடையாள எண் அது. ‘ஐயோ, கெமிக்கல்!’ என்று பாட்டிலைத் திரும்ப வைப்பதற்கு முன், சாதாரண மாவில் அப்படி என்ன குறை என்று பார்த்துவிடலாம்.

ஒரு கரண்டி கார்ன்ஃப்ளவரைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிளறுங்கள். முதலில் வெறும் தண்ணீராகவே சுற்றும். சூடு 65 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் கரண்டி கனக்கத் தொடங்கும். வெள்ளை மங்கி, பளபளப்பான கூழாகும். சுமார் 15 மைக்ரான் அளவுள்ள மாவின் நுண்மணிகள் தண்ணீரைக் குடித்து உப்பியதால் வந்த கெட்டி இது. அதோடு நிறுத்தாமல் கொதிக்கவிட்டு ஒரு மூடி வினிகரும் ஊற்றினால், மணிகள் உடைந்து, மாவுச்சத்தின் சங்கிலிகள் அறுந்து, கூழ் மறுபடி நீர்த்துப்போகும். சரியான பதத்தில் இறக்கி ஃப்ரிட்ஜில் வைத்தாலும் தொல்லைதான். மறுநாள் இறுகிக் கிடக்கும்; ஓரத்தில் தண்ணீர் விட்டிருக்கும். அமைலோஸ் என்ற கிளையற்ற சங்கிலிகள் நெருங்கிச் சேர்ந்து, பிடித்துவைத்திருந்த நீரை வெளியே தள்ளுவதன் விளைவு.

அன்றே குடித்துவிடும் சூப்புக்கு இதெல்லாம் பொருட்டில்லை. ஆனால், புளிப்பான சாஸ் ஆலையில் வெந்து, லாரியில் குலுங்கி, அலமாரியில் மாதக்கணக்கில் நிற்க வேண்டுமே!

அதற்காக 1422இல் இரண்டு வேலை செய்கிறார்கள். அடிப்பிக் அமிலத்திலிருந்து வரும் துண்டுகளால் அடுத்தடுத்த சங்கிலிகளை ஆங்காங்கே பிணைக்கிறார்கள், துணி பிரியாமலிருக்கத் தையல் ஓட்டுவதுபோல. மணி உப்பும், எளிதில் உடையாது. இரண்டாவதாக, வினிகரின் அசிட்டிக் அமிலத்தோடு தொடர்புள்ள அசிட்டைல் துண்டுகளைச் சங்கிலிகளில் ஒட்டுகிறார்கள். அவை இடைஞ்சலாக நிற்பதால் சங்கிலிகள் நெருங்க முடியாது, தண்ணீரும் பிரியாது. பன்னாட்டுத் தரவிதிப்படி அடிப்பேட் 0.135 சதவீதத்தையும் அசிட்டைல் 2.5 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. அடிப்பிக் அமிலம் நைலானுக்கும் மூலப்பொருள் என்பது வாட்ஸ்அப்பில் பீதி கிளப்ப நல்ல தீனி. புளிப்புக்காக அதையே உணவில் சேர்க்க அனுமதி உண்டு என்பதை அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. 2013 மே மாதம் தைவானில் பபிள் டீ முத்துகள் உட்படப் பல பண்டங்களில் மெலேயிக் அன்ஹைட்ரைடு கொண்டு மாற்றிய மாவு சிக்கியது. சேலத்து ஜவ்வரிசி உருவாகும் அதே மரவள்ளி மாவில்தான் அந்த முத்துகளும் செய்யப்படுகின்றன. நன்றாக இழுபடும் மெல்லும் பதம் கிடைக்கிறது என்று, பாலியஸ்டர் ரெசின் தயாரிக்கும் சரக்கை உணவுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அங்கே அனுமதிக்கப்பட்ட மாவு வகைகளில் அது கிடையாது. மெலேயிக் அன்ஹைட்ரைடு தண்ணீர் பட்டால் மெலேயிக் அமிலமாகும். விலங்குச் சோதனைகளில் அதிக அளவில் சிறுநீரகத்தைப் பாதித்த பொருள் அது. டன் கணக்கில் பண்டங்களை அகற்ற வேண்டியிருந்தது.

அனுமதி பெற்றவை அப்படியல்ல. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 12 வகைகளை மறுபரிசீலனை செய்து, தினசரி உச்சவரம்பு எதுவும் குறிக்கத் தேவையில்லை என்று 2017இல் அறிவித்தது. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைகளை மட்டும் அந்த முடிவில் சேர்க்கவில்லை. இவ்வகை மாவுகளை மிக அதிகமாகத் தின்ற எலிகளின் சிறுநீரகத்தில் சுண்ணம் படிந்ததும் நிபுணர்களுக்குத் தெரியும். எலிகளுக்கே உரிய தாதுச் சமநிலைக் கோளாறு என்று அதை ஒதுக்கினார்கள்.

எனக்கு உறுத்துவது நஞ்சு பற்றிய பயமல்ல, சிக்கனம். கெட்டியாகத் தெரிவதற்குத் தக்காளியைக் கூட்டுவதைவிட மாவைக் கூட்டுவது மலிவு. அந்த மாவும் பெரும்பாலும் சாதாரண மாவுபோலவே செரித்து ரத்தத்தில் குளுகோஸாகச் சேரும்; சர்க்கரைக்காரர்கள் கணக்கில் வைக்க வேண்டும். சேர்மானங்களை எடை கூடுதலானதில் தொடங்கி இறங்குவரிசையில்தான் அச்சிடுகிறார்கள். தக்காளிக்கும் பழத்துக்கும் முன்னால் தண்ணீர், சர்க்கரை, மாவு என்று வந்தால் அந்த பாட்டிலை நான் வாங்குவதில்லை.