60 வயசுல பைக்கை வித்துட்டு எலெக்ட்ரிக் மவுண்டன் சைக்கிள் வாங்கலாமா? ஒரு காரைக்குடி கணக்கு

வீடியோவில் வேகமா சொல்லிட்டுப் போற கணக்கை, இங்கே நிறுத்தி நிதானமா போட்டுப் பார்க்கலாம் வாங்க.

எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் மாதிரி மண் ரோட்டுல ஓட்டுற வண்டியை ஆசையா வாங்கி, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு வரைக்கும் போய் வந்தவரா நீங்க? இப்போ வயசு 58, 60-ஐத் தாண்டுதா? வீட்டுல பிள்ளைங்க "போதும்ப்பா, நிறுத்திடுங்க"ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்களா? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஓட்டுறதையே நிறுத்தணுமா, இல்ல வேற விதமா ஓட்டலாமா என்பதுதான் கேள்வி. ஓய்வுக்காலத்துல கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சா, ஆஸ்பத்திரிச் செலவோட போகாது. சில மாசம் வீட்டுல இன்னொருத்தரோட வேலையும் சேர்ந்து முடங்கும். அதனால இதையும் பணக் கணக்காவே பார்க்கணும்.

முதல்ல எடை

எக்ஸ்பல்ஸ் 200 சுமார் 155 கிலோ. புது ஹிமாலயன் 450 கிட்டத்தட்ட 196 கிலோ. எலெக்ட்ரிக் மவுண்டன் சைக்கிள் பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ. கண்மாய்க் கரையில சறுக்கினா, 155 கிலோ வண்டி கால் மேல விழறதும் 22 கிலோ சைக்கிள் விழறதும் ஒண்ணு இல்ல. தனியா போயிருந்தா தூக்கி நிறுத்தவும் முடியணுமே!

நம்ம செட்டிநாட்டுப் பக்கம் மலை கிடையாது. செம்மண் பாதை, ஊருணிக் கரை, கண்மாய்க் கரை, பெரும்பாலும் சமதளம்தான். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, கானாடுகாத்தான் எல்லாம் காரைக்குடியிலிருந்து போய்வர 30 கிலோமீட்டருக்குள்ள முடிஞ்சிடும். திருமயம் கோட்டைன்னா ஒரு தடவை சார்ஜ் போதாமல் போகலாம். பேட்டரிக்கு இது வசதியான ஊருங்க.

பேட்டரியும் சைக்கிளும் இந்த ஊருக்குப் புதுசும் இல்ல. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட 'சிக்ரி' ஆய்வகத்தில் பேட்டரி ஆராய்ச்சி நடக்குது. பக்கத்துப் பள்ளத்தூரைப் பூர்வீகமாகக் கொண்ட முருகப்பா குழுமம்தான் 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியைத் தொடங்கியது. நீங்க சின்ன வயசுல ஓட்டின ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள் அங்கிருந்து வந்ததுதான்.

சட்டம் என்ன சொல்லுது?

மத்திய மோட்டார் வாகன விதிப்படி, மோட்டார் திறன் 250 வாட்டுக்குள் இருக்கணும். 25 கிலோமீட்டர் வேகம் வந்ததும், அல்லது நீங்க பெடல் மிதிக்கிறதை நிறுத்தினதும், மோட்டார் உதவி நின்னுடணும். அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் சான்றும் இருந்தா அது மோட்டார் வாகனமே இல்ல. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எதுவும் கட்டாயம் கிடையாது.

இது சின்ன விஷயம் இல்லீங்க. 55 வயசுக்கு மேல பைக் லைசென்ஸை 5 வருஷத்துக்கு ஒரு தடவை மருத்துவச் சான்றோடு புதுப்பிக்கணும். வண்டிக்கு 15 வயசானா ஆர்.சி. புதுப்பித்தல், பசுமை வரின்னு தனிச் செலவு.

ஆனா கவனம்! "லைசென்ஸ் வேணாம் சார், 40-ல் போகும்"னு யாராவது சொன்னா அந்தக் கடையை விட்டு வெளியே வந்துடுங்க. 40-ல் போகுற வண்டி சட்டப்படி மோட்டார் வாகனம். பதிவும் இன்சூரன்ஸும் இல்லாம அதை ஓட்டி விபத்து நடந்தா, நஷ்டஈடு உங்க சேமிப்பிலிருந்துதான் போகும். சோதனைச் சான்றின் நகலைக் கேட்டு வாங்குங்க.

சரி, கணக்குக்கு வருவோம்

வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓட்டுறீங்கன்னு வைப்போம். கீழே உள்ள மைலேஜ், விலை, சர்வீஸ் எல்லாம் நான் வைத்துக்கொண்ட தோராயம். உங்க எண்ணைப் போட்டு மாத்திக்கோங்க.

200 சி.சி. பைக்:
- பெட்ரோல்: லிட்டருக்கு 35 கி.மீ., விலை ரூ.102 என்றால் சுமார் ரூ.8,740
- மூன்றாம் நபர் காப்பீடு: ரூ.1,366, ஜி.எஸ்.டி. சேர்த்து ரூ.1,612
- சர்வீஸ், டயர், செயின்: ரூ.5,000
- மொத்தம்: சுமார் ரூ.15,350

(350 சி.சி.க்கு மேல் உள்ள ஹிமாலயனுக்கு மூன்றாம் நபர் பிரீமியமே ரூ.2,804, அதுக்கு மேல ஜி.எஸ்.டி.)

எலெக்ட்ரிக் மவுண்டன் சைக்கிள், விலை ரூ.45,000:
- கரண்ட்: 30 கி.மீ.க்கு ஒரு சார்ஜ், வருஷம் 100 சார்ஜ். ஒரு சார்ஜுக்கு 0.4 யூனிட், ஆக 40 யூனிட். யூனிட் ரூ.8 என்றாலும் ரூ.320
- சர்வீஸ், பிரேக், டயர்: ரூ.2,500
- பேட்டரி நிதி: ரூ.15,000 பேட்டரி 4 வருஷம் வரும் என்றால் வருஷத்துக்கு ரூ.3,750
- மொத்தம்: ரூ.6,570

வித்தியாசம் வருஷத்துக்கு சுமார் ரூ.8,780. கைக்காசு போட்டு வாங்கினா 45,000 திரும்ப வர 5 வருஷத்துக்கு மேல ஆகும். பழைய பைக்கை 60,000-க்கு வித்து வாங்கினா, சைக்கிளும் வந்து கையில 15,000 மிச்சம்.

பெட்ரோலோடு கரண்டை மட்டும் ஒப்பிட்டு "வெறும் 320 ரூபாய்தான்"னு சொல்ற விளம்பரத்தை நம்பாதீங்க. பேட்டரி நிதியைச் சேர்க்காத கணக்கு பொய்க் கணக்கு. மாசம் ரூ.320 தனியா ஒரு ஆர்.டி.யில போட்டுட்டா, நாலாவது வருஷம் பேட்டரி மாத்த பென்ஷன் பணத்துல கை வைக்க வேண்டாம்.

"ரெண்டும் இருக்கட்டுமே" என்ற ஆசை

நிறைய பேர் சறுக்குற இடம் இதுதான். பைக்கை விற்க மனசு வராது, அது ஓரமா நிக்கும். சைக்கிளும் வாங்கிடுவோம். வருஷத்துக்கு 1,000 கிலோமீட்டர் மட்டும் சைக்கிள்ல போனா, பெட்ரோல் மிச்சம் சுமார் ரூ.2,900. ஆனா சைக்கிள் செலவு ரூ.6,350. ஏன்னா பேட்டரி ஓடினாலும் தேயும், சும்மா இருந்தாலும் மெல்லத் தேயும். பைக் காப்பீடும் தொடரும், வண்டியின் விலையும் வருஷா வருஷம் இறங்கும். அப்போ சைக்கிள் வாங்கினதால சேமிப்பு இல்ல, வருஷம் 3,450 கூடுதல் செலவு!

ஆசைக்காக அந்தச் செலவைச் செய்யலாம், தப்பே இல்ல. ஆனா அதை 'சேமிப்பு'ன்னு சொல்லிக்க வேண்டாம். என் யோசனை: முதல்ல ஒரு மாசம் உங்க பயணத்தை நோட்டுல எழுதுங்க. முக்கால்வாசி 30 கிலோமீட்டருக்குள்ள இருந்தா பைக்கை விற்கலாம். வாரம் ஒருமுறை மதுரைக்கோ திருச்சிக்கோ போறவரா இருந்தா, அதுக்கான பஸ் செலவையும் கணக்குல சேர்த்துட்டு முடிவெடுங்க.

விற்கும்போது ஒரு விஷயம். படிவம் 29, 30-ல் கையெழுத்து போட்டுக் கொடுத்ததோட விட்டுடாதீங்க. ஆர்.சி. உங்க பேரிலேயே இருந்து விபத்து நடந்தா, பதிவான உரிமையாளரே பொறுப்புன்னு உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவா சொல்லியிருக்கு. பேர் மாறினதை நீங்களே சரிபாருங்க. இன்னொண்ணு, 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான பைக்குக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமா குறைஞ்சிடுச்சு. புது வண்டி விலை இறங்கினதால, பழைய வண்டிக்குப் பழைய விலையை எதிர்பார்க்க முடியாது.

காப்பீட்டுல விழுற ஓட்டை

பைக்கோட வந்த ரூ.15 லட்சம் உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு, பைக்கை வித்ததும் போயிடும். சைக்கிளுக்கு அப்படி எதுவும் தானா வராது. அதனால:

- பிரதமர் சுரக்ஷா பீமா: வருஷம் ரூ.20, விபத்து மரணத்துக்கு ரூ.2 லட்சம். 70 வயசு வரை.
- 'சரல் சுரக்ஷா பீமா': எல்லா கம்பெனியிலும் ஒரே மாதிரி விதிகளோடு கிடைக்கும் தனிநபர் விபத்து பாலிசி. ரூ.2.5 லட்சத்திலிருந்து எடுக்கலாம்.
- மருத்துவக் காப்பீட்டை எக்காரணம் கொண்டும் விடாதீங்க. எலும்பு முறிவுக்கு முதல்ல உதவுறது அதுதான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

சமதளத்துக்குப் பின் சக்கரத்துல இருக்கும் ஹப் மோட்டார் போதும். பெடல் பக்கத்துல மோட்டார் இருக்கும் மாடல் மலை ஏற நல்லது, ஆனா விலை பல மடங்கு. நமக்குத் தேவையில்ல.

நம்ம பக்கத்து முதல் எதிரி சீமைக்கருவேல முள். ஹப் மோட்டார் சக்கரத்துல வயர் இருப்பதால பஞ்சர் ஒட்ட எல்லாக் கடையிலும் கை வைக்க மாட்டாங்க. உங்க தெருமுனைக் கடைக்காரரிடம் முன்னாடியே கேளுங்க. டியூப்ல சீலன்ட் திரவம் ஊத்தி வைக்கிறது நல்லது.

பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ள சார்ஜ் போடுற மாடலா பாருங்க. சித்திரை, வைகாசி வெயில்ல நிறுத்தி வைத்தா பேட்டரி ஆயுசு குறையும். அதே பேட்டரி தனியா என்ன விலை, எத்தனை வருஷ வாரன்ட்டி, காரைக்குடியிலேயே சர்வீஸ் உண்டா, இல்ல 90 கிலோமீட்டர் தள்ளி எடுத்துட்டுப் போகணுமான்னு எழுத்துல வாங்குங்க. "ஜீரோ சதவீதம் இ.எம்.ஐ."ன்னு சொன்னா பிராசசிங் கட்டணத்தைக் கேளுங்க.

மூட்டுவலி, இதயப் பிரச்சினை இருந்தா டாக்டரைக் கேட்டுட்டு, அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்த்துட்டுத்தான் பணம் கட்டணும். சட்டம் கேட்காட்டியும் ஹெல்மெட் போடுங்க.

பிள்ளைங்க "நிறுத்துங்க"ன்னு சொல்றது பயத்துல. அவங்களை உட்கார வச்சு இந்தக் கணக்கையும் காப்பீட்டுப் பத்திரத்தையும் காட்டுங்க. பாதிப் பேச்சு அங்கேயே முடிஞ்சிடும். மீதிப் பாதிக்கு, காலையில 6 மணிக்கு அவங்களையும் ஒரு சைக்கிள்ல கூட்டிட்டுப் போங்க.