சுங்குடிப் புள்ளிகள்

திருவரங்கத்துக் கடைவீதிகளிலும், திருச்சிராப்பள்ளித் தெப்பக்குளத்தை அடுத்த ஜவுளிக் கடைகளிலும் "சுங்குடி" என்னும் பெயரால் விற்கப்படும் சேலைகளைக் காணாதார் நம்மில் இலர். சிவப்பு, நீலம், பச்சை முதலிய நிறங்களினிடையே வெண்புள்ளிகள் நிறைந்திருக்கும். அப்புள்ளிகள் எவ்வாறு உண்டாகின்றன என்று வினவுவார் சிலரே. அதனை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

நம் நகரின் பகுதியாகிய உறையூர் தொன்றுதொட்டு நெசவிற்குப் பெயர்பெற்றது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுந்த "பெரிப்ளூஸ்" என்னும் கடல் வாணிக நூல், அர்காரு என்ற நகரின் மெல்லிய ஆடைகளைக் குறிக்கின்றது. அந்நகர் உறையூரே என்பர் அறிஞர். எனினும் புள்ளிச் சாயக்கலை உறையூர்க்கு உரியதன்று, மதுரைக்கே உரியது. கூர்ச்சர நாட்டினின்று குடிபெயர்ந்து மதுரையிற் பல தலைமுறைகளாக வாழும் சௌராஷ்டிர மக்கள் இதனைப் போற்றி வளர்த்தனர். கூர்ச்சரத்துப் பாந்தினியும், ஜப்பானியரின் ஷிபோரியும் இதற்கு இனமான கலைகளேயாம்.

முதற்கண் வெள்ளைப் பருத்திச் சேலையைக் கஞ்சி போக அலசி உலர்த்துவர். பின்னர்ப் புள்ளி அமைய வேண்டிய இடங்களை அடையாளமிடுவர். அவ்விடங்களில் துணியை நகநுனியாற் கிள்ளியெடுத்து, நூலால் இறுகச் சுற்றி முடிச்சிடுவர். இவ்வேலையைப் பெரும்பாலும் மகளிரே இல்லத்திலிருந்து செய்வர். நுண்ணிய வேலைப்பாடுடைய ஒரு சேலையில் 20,000 முடிச்சுகள் வரை அமைவதுண்டு. அதற்குப் பல நாட்கள் செல்லும்.

முடிச்சிட்ட சேலையைச் சாயத்தில் தோய்ப்பர். நூல் இறுக்கிய இடத்தில் இழைகள் நெருங்கியிருத்தலின் சாயம் உட்புகாது. ஏனைய பாகமே நிறம்பெறும். இரண்டு நிறம் வேண்டின், முதலில் வெளிறிய நிறத்தில் தோய்த்து, மேலும் சில முடிச்சுகளிட்டு, அடர்ந்த நிறத்தில் மீண்டும் தோய்ப்பர். நன்கு உலர்ந்தபின் துணியை இழுக்க முடிச்சுகள் அவிழும், புள்ளிகள் தோன்றும்.

பண்டைக்காலத்தில் நம் நாட்டுச் சிவப்புச் சாயத்திற்குச் சாயவேர் பயன்பட்டது. அதிலுள்ள அலிசரின் என்னும் பொருள் தனியே பருத்தியிற் பற்றாது. படிகாரத்தின் துணையால் இழையைப் பிணித்து நிலைபெறும். 1868-ல் ஜெர்மானிய இரசாயன அறிஞர் இருவர் அப்பொருளைச் செயற்கையில் ஆக்கினர். அதன்பின் சாயவேர் வழக்கொழிந்தது. ஆயினும் சாயம் மாறியதனாற் கலை அழியவில்லை. முடிச்சிடும் கை இருந்தது.

இன்று அக்கைக்கே குறைவு நேர்ந்துள்ளது. அச்சுக்கட்டையை உருகிய மெழுகில் தோய்த்துத் துணியிற் பதித்துச் சாயமேற்றினும் வெண்புள்ளி உண்டாகும். பல நாள் வேலை சிறுபொழுதில் முடியும், விலையும் குறையும். ஆகவே கடைகளிற் சுங்குடி எனப்படுவன பெரும்பாலும் அச்சிட்டவையே. பல்லாயிரம் முடிச்சிற்குத் தக்க கூலி கிடையாமையால், தாய் செய்த தொழிலை மகள் கற்க விரும்புவதில்லை. 2005-ல் மதுரைச் சுங்குடி புவிசார் குறியீடு பெற்றது. பெயர் காக்கப்பட்டது, கூலி உயர்ந்தாலன்றித் தொழில் காக்கப்படுமாறில்லை.

உண்மைச் சுங்குடியை அறிதல் எளிது. முடிச்சிட்ட இடம் சற்றே சுருங்கிக் கைக்குத் தட்டுப்படும். ஒரு புள்ளி மற்றொன்றை முற்றும் ஒவ்வாது. அச்சிட்டவையோ அளவிலும் வரிசையிலும் ஒன்றுபோலவே இருக்கும். விடுமுறையில் அன்னைக்கோ தமக்கைக்கோ சேலை வாங்கும் மாணவர் இதனை நோக்கி வாங்குவாராக. விலை மிகுதியென்று தோன்றின், ஒரு சாண் அளவில் உள்ள புள்ளிகளை எண்ணிப் பார்ப்பாராக.