விடுதி வாழ்வும் விரிந்த உள்ளமும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் கரக்பூர் நிலையத்து முன்பதிவுக் கவுண்டரில் நாம் பணியிலிருந்தோம். கல்லூரி மாணவன் ஒருவன், சென்னைக்கு ஒரு டிக்கெட் வேண்டுமெனத் தட்டுத்தடுமாறி இந்தியில் கேட்டான். "எந்தத் தேதிக்குத் தம்பி?" என்று தமிழில் வினவினோம். அவன் கண்கள் கலங்கிவிட்டன. கல்லூரியில் சேர்ந்து ஆறு வாரங்கூட ஆகவில்லை. படிப்பையே கைவிட எண்ணியிருந்தான்.

விசாரித்தபோது காரணம் விளங்கிற்று. பாடம் அவனுக்குக் கடினமன்று. தமிழ்ப் பிள்ளைகள் இருவரைத் தவிர வேறெவரோடும் அவன் பழகவில்லை. அவ்விருவரும் வேறு விடுதிக்குச் சென்றபின் தனியனானான். "அயலாரோடு அதிகம் சேராதே" என்பது வீட்டார் சொல்லியனுப்பிய புத்திமதி.

அன்பர்களே! அப்புத்திமதியை நம்மில் பலரும் கூறியிருக்கிறோம். அன்பினால் கூறியதே, ஆயினும் அது பிள்ளைக்குத் துணையாவதில்லை.

ஓரிடத்தில் வசிப்பது மட்டும் போதாது. சமநிலையில், பொது நோக்கத்திற்காகக் கூடி உழைத்தால்தான் வேற்றினத்தார்பால் உள்ள தப்பெண்ணம் தேயும் என்று அமெரிக்க உளவியலறிஞர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதினார். குடிபெயர்ந்தோரை ஆராய்ந்த கனடா நாட்டு அறிஞர் ஜான் பெர்ரி, தம் பண்பாட்டை விடாமலும் புதிய சூழலை ஒதுக்காமலும் வாழ்வோரே பெரும்பாலும் மனநலத்துடன் இருப்பதாகக் கூறுகிறார். இரண்டையும் இழந்தோர் நிலையே மிக இரங்கத்தக்கது.

ஆகவே, மொழியை மறவாதே என்று சொல்லும் நாம், தோழமையை மறுக்காதே என்றும் சொல்லவேண்டும். வங்காளியின் பாந்தா பாத்தும், ஒடியரின் பகாளமும் நம் பழைய சோற்றுக்கு உடன்பிறப்புகளே. பூஜைப் பந்தலுக்கு நண்பனோடு செல்லட்டும்; பொங்கலுக்கு அவனை நம் இல்லத்திற்கு அழைத்து வரட்டும். அதற்கும் மேல் மனச்சோர்வு நீடித்தால் நாணவேண்டியதில்லை. நடுவண் அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

அன்று அம்மாணவனுக்கு டிக்கெட் கொடுத்தோம். திரும்பி வருவதற்கும் ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னோம். பத்து நாளில் திரும்பினான். தைப்பொங்கலன்று, அறைத்தோழனான வங்காளி மாணவனோடு நம் வீட்டு வாயிலில் நின்றான். வீட்டு நினைவு இன்னும் வருகிறதாம். ஆயினும் விடுமுறைக்கு முன் டிக்கெட் கேட்டு வரவில்லை.