ஒரே காம்பராவில் இரண்டு பூனைகள்

பூனைச் சண்டையைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று சகோதரிகள் சிலர் சிரிக்கக்கூடும். கடந்த வருடம் ஆடி மாதம் வரை நானும் சிரித்திருப்பேன்.

அந்த மாதம் வட்டகொடைப் பகுதியிலுள்ள தோட்டமொன்றுக்குப் போயிருந்தேன். தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையிலுள்ள சிறிய ரயில் நிலையம் வட்டகொடை. வெளியே வந்தால் நாலாபுறமும் தேயிலைதான். அன்று மழை விடவேயில்லை. நான் தேடிப் போனது ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணை. அவர் பிறந்தது அந்த லயத்தில்தான். 1983 ஆடிக் கலவரத்தின் பின்னர், பத்து வயதுச் சிறுமியாகப் பெற்றோருடன் கிளிநொச்சிக்குப் போனவர். பாரதிபுரத்தில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் முடித்தார். 2009 இல் கணவர் காணாமற்போனார். மகளை அணைத்துக்கொண்டு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் மாதக்கணக்கில் இருந்தார். அவருடைய மூத்த சகோதரி மாத்திரம் கலவரத்துக்கு முன்னரே மணமுடித்திருந்ததால் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். இனி இவர்களைப் பெரியக்கா, சின்னக்கா என்றே எழுதுகிறேன்.

மழையில் படியில் வழுக்கி விழுந்து பெரியக்காவின் கால் முறிந்துவிட்டது. பார்ப்பதற்கு ஆளில்லை. ஆகவே சின்னக்கா நாற்பது வருடங்களின் பின் பிறந்த லயத்துக்கு வந்தார். மகள் கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போவதால் ஏழு வயதுப் பேத்தியும் கூட வந்தாள். பேத்தியோடு ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் ஐந்து மாதக் கடுவன் பூனைக்குட்டி ஒன்றும் வந்தது. பெயர் சுட்டி. பெரியக்காவிடம் ஏற்கெனவே கறுப்பி என்ற எட்டு வயதுப் பெட்டைப் பூனை இருந்தது. லயத்து எலிகளுக்கெல்லாம் அதுதான் எமன்.

ஒரு காம்பரா, ஒரு ஸ்தோப்பு, பின்னால் சின்னக் குசினி. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்குள் மூன்று மனிதர்களும் இரண்டு பூனைகளும். நான் போனது சின்னக்காவின் பதிவு அலுவல்களுக்காக. ஆனால் அவர்கள் பேசியது முழுவதும் பூனைகளைப் பற்றி.

"ராத்திரி ரெண்டும் கத்துற கத்துல இவ எந்திரிச்சு புள்ளைய இழுத்துக்கிட்டு கட்டிலுக்கு அடியில போயிர்றா மிஸ்" என்றார் பெரியக்கா. "அந்தக் குட்டிய ஸ்டேசன் பக்கம் உட்டுட்டு வந்துருவோம்னு சொன்னா, அப்ப நானும் போறேன்னு பெட்டியக் கட்டுறா."

சின்னக்கா என்னைத் தனியே குசினிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார்: "ஓடேக்க ஆட்டை அவிட்டு விட்டுட்டு வந்தம் மிஸ். பூனை கொஞ்சத் தூரம் பின்னால வந்தது. திரும்பிப் பாக்காம வந்தனான். இன்னொரு பூனைய விட்டுட்டு வர என்னால ஏலாது."

விடயம் பூனையோடு நிற்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கால் முறிந்த ஒருவரும் தூக்கம் தொலைத்த ஒருவரும் ஒருவரையொருவர் இழக்கப் பார்த்தார்கள்.

பேராதனையில் சமூகவியல் படித்த எனக்குக் குடும்பங்களைப் பற்றி ஏதோ தெரியும். பூனைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "இரண்டையும் ஒரே அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள், அடித்துப் பிடித்துப் பழகிவிடும்" என்று ஆலோசனை கூறிவிட்டு வந்தேன். இரண்டு கிழமைகளின் பின் போனபோது கறுப்பியின் கழுத்தில் நெல்லிக்காயளவு வீக்கம். சின்னவளின் மணிக்கட்டில் மூன்று நீண்ட கீறல்கள், அவற்றின் மேல் மஞ்சள் பூசியிருந்தது. கறுப்பி வீட்டுக்குள் வருவதை நிறுத்திவிட்டு, அரிசிச் சாக்கின் மேல் சிறுநீர் கழித்திருந்தது. அந்த அரிசியை யார் கழுவுவது என்று சகோதரிகளுக்குள் இன்னொரு சண்டை.

அன்று மாலையே மிருக வைத்தியம் படித்த என் தோழியைத் தொலைபேசியில் அழைத்தேன். அவள் திட்டியதை எழுதவில்லை. சொல்லித் தந்ததை எழுதுகிறேன்.

முதலில் பிள்ளையின் கை. பூனை கீறினாலோ கடித்தாலோ, அந்தக் கணமே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடங்கள் கழுவவேண்டும். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். பிறகு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நீர்வெறுப்பு நோய் நாயால் மாத்திரம் வருவதென்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பெரும்பாலும் நாயால்தான் வருகிறது. ஆனால் அந்நோய் கண்ட பூனையாலும் வரும். நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் உயிரைக் காப்பாற்றுவது அனேகமாக முடியாது. உரிய காலத்தில் ஊசி போட்டால் முற்றாகத் தடுத்துவிடலாம். நமது நாட்டு அரச வைத்தியசாலைகளில் அந்த ஊசி இலவசம். ஊசி தேவையா இல்லையா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும், வீட்டிலுள்ளவர்கள் தீர்மானிக்க வேண்டாம். கீறலால் வரும் வேறொரு காய்ச்சலும் உண்டு. அதன் கிருமியைப் பூனைக்குப் பூனை பரப்புவது தெள்ளு. கீறல் பட்ட சில நாட்களில் அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டினால், பூனை கீறியதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது கறுப்பியின் வீக்கம். பூனையின் பல் ஊசிபோல் இறங்கும். மேல் தோல் உடனே மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் கட்டும். அதற்கு மிருக வைத்தியரிடம் போவதே வழி. வலிக்கிறதே என்று பெனடோல் கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்கு மருந்தாகும் அந்த மாத்திரை பூனைக்கு நஞ்சு, ஒன்றே உயிரைப் பறித்துவிடும். பெரியக்கா பாதி மாத்திரை கரைத்து வைத்திருந்தார். நல்லவேளையாகக் கறுப்பி அதைக் குடிக்கவில்லை.

இனிச் சண்டைக்கு வருவோம். எல்லாமே சண்டையல்ல என்பதை நான் அறிந்திருக்கவில்லை. குட்டிகள் உருண்டு புரண்டு கடிப்பது விளையாட்டு. விளையாட்டில் சத்தம் குறைவு, நகம் உள்ளே இருக்கும், ஒருமுறை ஒன்று மேலே என்றால் மறுமுறை மற்றது மேலே, ஓடுவதும் துரத்துவதும் மாறி மாறி நடக்கும். நடுவில் நின்று உடம்பை நக்கிவிட்டு மீண்டும் தொடங்கும். சண்டை அப்படியல்ல. காது தலையோடு ஒட்டிவிடும், வால் புடைக்கும், சீறலும் உறுமலும் கேட்கும், எப்போதும் ஒன்றே துரத்தும், மற்றது எப்போதும் ஒளியும். கறுப்பிக்கும் சுட்டிக்கும் இடையில் நடந்தது இரண்டுங்கெட்டான். சுட்டி விளையாடத்தான் பாய்ந்தது. எட்டு வயதுக் கறுப்பிக்கு அது தாக்குதல்.

குட்டி ஏன் அப்படி முரட்டுத்தனமாகப் பாய்கிறது? எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டிகள் தாயிடமும் கூடப்பிறந்தவைகளிடமும்தான் கற்கின்றன. அதிகமாகக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும், அதுவே பாடம். சுட்டியை மூன்று கிழமைக் குட்டியாகத் தெருவில் எடுத்திருக்கிறார்கள். பாடம் நடக்கவில்லை. போதாததற்குச் சின்னவள் தன் விரல்களை ஆட்டி ஆட்டியே அதனோடு விளையாடியிருக்கிறாள். கையென்றால் கடிக்கும் பொருளென்று அது படித்துக்கொண்டது.

பூனை கூட்டமாக வேட்டையாடும் பிராணியுமல்ல. அதன் முன்னோரான காட்டுப்பூனை தனியே வேட்டையாடி, தனியே தின்றது. தானியக் களஞ்சியத்து எலிகளைத் தேடி மனிதரிடம் வந்ததாகக் கூறுவார்கள். சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 வருடங்களுக்கு முந்திய மனிதப் புதைகுழியொன்றின் அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2004 இல் வெளியிட்டார்கள். இத்தனை ஆயிரம் வருடம் நம்மோடு இருந்தும், முன்பின் தெரியாத இன்னொரு பூனை தன் இடத்துக்குள் வந்தால் அதற்குப் பொறுக்காது. நான் கதவைச் சாத்தச் சொன்னது எவ்வளவு பெரிய பிழை என்று பாருங்கள்.

தோழி சொன்ன வழி, இரண்டையும் பிரித்து முதலிலிருந்து அறிமுகம் செய்வது. தனி அறைகள் உள்ள வீட்டில் அது இலகு. லயத்தில் எப்படி? இரவில் சுட்டி குசினியில், கறுப்பி காம்பராவில். பகலில் இடம் மாற்றினோம். ஒன்றின் கண்ணில் மற்றது படாமல் வாசலில் பழைய சேலையைத் தொங்கவிட்டோம். ஒன்று படுத்த துணியை மற்றதன் படுக்கையில் போட்டோம். முகத்தைவிட மணத்தைத்தான் பூனை முதலில் பழகும். கறுப்பி அந்தத் துணியைப் பார்த்து இரண்டு நாள் சீறியது, மூன்றாம் நாள் அதன் மேலே படுத்தது. பின்னர் சேலைக்கு இந்தப் பக்கம் ஒன்றுக்கும் அந்தப் பக்கம் மற்றதற்கும் சோறும் கருவாடும். நாளுக்கு நாள் கிண்ணங்களைக் கொஞ்சம் நெருக்கி, கடைசியில் சேலையையும் சிறிது தூக்கிவிட்டோம். சீறினால் மறுநாள் தள்ளி வைத்தோம். இதற்கு ஏழு கிழமைகள் பிடித்தன. சின்னக்காவின் பொறுமையைத்தான் சொல்லவேண்டும்.

எதையும் ஒன்றாக வைக்கக்கூடாது என்பது அடுத்த விதி. கிண்ணம் இரண்டு, தண்ணீர் இரண்டு, படுக்கை இரண்டு. மலசலத்துக்கு மண் போட்ட பேசின் பூனைகளின் எண்ணிக்கையை விட ஒன்று கூடுதலாக இருக்கவேண்டுமென்று தோழி சொன்னாள். மூன்றாவதை வைத்தால் நாங்கள் வெளியேதான் நிற்கவேண்டும் என்றார் பெரியக்கா. இரண்டோடு நிறுத்திக்கொண்டோம், ஸ்தோப்பில் ஒன்று, குசினிக்குப் பின்னால் ஒன்று. அவற்றைத் தினமும் துப்புரவு செய்வது அவசியம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறொருவர் செய்யவேண்டும். பூனை மலத்திலிருந்து பரவும் ஒரு கிருமி வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடியது.

தரையில் இடமில்லாவிட்டால் உயரத்தைக் கொடுங்கள். அடுப்புக்கு அப்பால், விறகு அடுக்கும் பரணில் ஒரு மூலையை ஒழித்துக் கறுப்பிக்கு விட்டோம். முதுமையில் அதற்கு ஏறக் கடினமென்று ஒரு பெட்டியைப் படியாக வைத்தாள் சின்னவள். பெரியக்காவின் பழைய கொழுந்துக் கூடையைச் சாய்த்து வைத்ததும் சுட்டி அதற்குள் குடிபுகுந்தது. முப்பது வருடம் தலையில் தொங்கிய கூடை. அதைத் தருவதற்குப் பெரியக்கா கொஞ்சம் யோசித்தார் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

பிராண்டுவதைத் தடுக்க முடியாது. நகத்தின் பழைய உறை கழல்வதற்கும், தன் மணத்தைப் பதிப்பதற்கும், உடம்பை நீட்டி முறிப்பதற்கும் பூனை பிராண்டியே தீரும். இடத்தைத்தான் நாம் காட்டலாம். ஸ்தோப்புத் தூணில் பழைய சாக்கைச் சுற்றி இறுக்கமாகக் கட்டினோம், பூனை எழும்பி நின்று கை நீட்டும் உயரம் வரைக்கும். நகநுனியை நகவெட்டியால் வெட்டலாம். வெள்ளையாகத் தெரியும் நுனியை மட்டும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது இரத்தக் குழாய், அதைத் தொடக்கூடாது. வெளிநாடுகள் சிலவற்றில் விரல் நுனி எலும்போடு நகத்தை அகற்றிவிடும் வழக்கம் இருந்தது. பல நாடுகளில் இப்போது அது தடை. நியூயோர்க் மாநிலம்கூட 2019 இல் தடைசெய்தது.

சுட்டியின் துள்ளலுக்கும் வடிகால் வேண்டுமல்லவா? தேயிலை மிலாறுக் குச்சியில் நூல் கட்டி, நுனியில் கோழியிறகு. மாலையில் பத்து நிமிடம், காலையில் பத்து நிமிடம் சின்னவள் ஆட்டுவாள், பிறகு சாப்பாடு. வேட்டையாடிச் சாப்பிட்ட பூனை தூங்கும். கையால் விளையாடுவதை அடியோடு நிறுத்தினோம். கடித்தால் அடிப்பதில்லை, விளையாட்டை விட்டு எழும்பிப் போவதுதான் தண்டனை.

சண்டை மூண்டால் கையை நடுவில் விடாதீர்கள். பாத்திரத்தைத் தட்டிச் சத்தமெழுப்பினால் பிரிந்துவிடும் என்று சிலர் கூறுவார்கள். அந்த வீட்டில் அதை நான் சொல்லவில்லை. திடீர்ச் சத்தம் யாருக்கு என்ன செய்யும் என்பது இந்தச் சஞ்சிகையின் வாசகிகளுக்கு நான் விளக்கவேண்டியதல்ல. கதவருகே ஒரு பெரிய கார்ட்போர்ட் அட்டையை வைத்தோம். இரண்டுக்கும் இடையில் அதைச் செருகினால் பார்வை மறையும், பார்வை மறைந்தால் வேகம் தணியும். சண்டையிட்ட பூனையை உடனே தூக்கவும் கூடாது. சீற்றம் அடங்க மணித்தியாலங்கள் பிடிக்கும். அதுவரை எதிர்ப்படுபவரைக் கீறும். வெளியே அந்நியக் கடுவனைக் கண்டு வந்த ஆத்திரத்தைக்கூட வீட்டிலுள்ள பூனை மேல்தான் காட்டும். இதைச் சொன்னபோது சின்னக்கா தமக்கையைப் பார்த்து, "எங்கட கதை போல" என்றார். பெரியக்கா பதில் சொல்லவில்லை.

கடைசியாகச் செய்ததைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். கடுவன் குட்டிக்கு ஆறு மாதமளவில் பருவம் வந்துவிடும். அதன் பின் சண்டையும் ஊர் சுற்றலும் சிறுநீர் தெளிப்பும் கூடும். கருத்தடைச் சத்திரசிகிச்சை இவற்றைப் பெருமளவு குறைக்கும், உடலிலுள்ள சுரப்பு வடியச் சில கிழமைகள் எடுக்கும். பெட்டைப் பூனைக்கும் செய்யலாம். உங்கள் பிரதேசத்து அரச மிருக வைத்திய அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள், நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியையும் அங்கேயே கேளுங்கள். சுட்டிக்கு ஐப்பசியில் செய்வித்தோம்.

தைப்பொங்கல் கழிந்து போனேன். கறுப்பி பரணில், சுட்டி கூடைக்குள். இரண்டும் நண்பர்களாகிவிடவில்லை. சுட்டி கிட்டப் போனால் கறுப்பி இன்னமும் ஒரு அறை கொடுக்கும், நகத்தை உள்ளே வைத்துக்கொண்டு. சின்னக்கா மூன்று மணிக்கு ஒருமுறை விழிப்பு வருவதாகச் சொன்னார். கட்டிலுக்கு அடியில் போவதில்லை. ஆஸ்பத்திரி கிளினிக்குக்கும் போய்வருகிறார். பெரியக்கா தடியூன்றி ஸ்தோப்பு வரை நடக்கிறார். சின்னவள் அவரை இப்போது அம்மாயி என்று கூப்பிடுகிறாள், சின்னக்காவை வழமைபோல அம்மம்மா என்று.

ரயிலுக்கு நேரமாகி நான் எழும்பியபோது, பக்கத்துக் காம்பராப் பெண் சுவர் ஓரமாக நின்று கேட்டார்: "மிஸ், எங்க வூட்டுப் பூனையும் நாலு குட்டி போட்டிருக்கு. ஒங்க ஆபரேசன் எப்ப வருது?"